இல்லாத வீடும் மூன்று வரைபடங்களும்

சொல்லும் காட்சியும் பொருளும் தம்முள் ஒன்றியே நிற்கின்றன என்று நாம் நாள்தோறும் நம்பி வாழ்கின்றோம். ‘வீடு’ என்ற சொல்லைக் கேட்டவுடன் ஒரு வடிவம் மனக்கண்ணில் தோன்றுகின்றது. அவ்வடிவத்துக்கு ஒத்த பொருள் உலகில் உளதென்றும் உடனே துணிந்துவிடுகின்றோம். இம்மூன்றுக்கும் இடையே இடைவெளி உண்டென்பதை நம் முன்னோர் அறியாதவரல்லர். கயிற்றைப் பாம்பெனக் கொள்வது திரிவு. கயிறோ பாம்போ எனத் தடுமாறுவது ஐயம். இக்குற்றங்களை நீக்கிய பின்னரே காட்சியை ஓர் அளவையாகக் கொள்ள வேண்டுமென்பது சைவ சித்தாந்த அளவையியலின் முடிபு. இக்காலத்து ஓவியர் சிலரோ அவ்விடைவெளியை நீக்க முயலாது, அதன்கண் நின்றே ஆராய்கின்றனர்.

மேலைநாட்டில் இம்முயற்சிக்கு இரு சான்றுகள் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவன. பெல்ஜிய ஓவியர் ரெனே மக்ரித் 1929இல் ஒரு புகைக்குழாயைத் தத்ரூபமாகத் தீட்டி, அது புகைக்குழாய் அன்று என்னும் கருத்துப்பட அதன்கீழ் எழுதிவைத்தார். தீட்டப்பட்ட குழாயிற் புகையிலை இட முடியாதாகலின் அவர் கூற்றுப் பொய்யன்று. அமெரிக்கக் கலைஞர் ஜோசப் கொசுத் 1965இல் ஒரு நாற்காலியையும், அதன் புகைப்படத்தையும், நாற்காலி என்ற சொல்லுக்கு அகராதி தரும் பொருளையும் அருகருகே வைத்தார். இவற்றுள் எது நாற்காலி என்பதே அப்படைப்பு எழுப்பும் வினா.

இவை கூரிய அறிவின் விளையாட்டுக்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும், போரினால் வீடிழந்து, மரநிழலிலும் கூடாரத்திலும் காலங்கழித்த வன்னி மாந்தருக்கு இவ்வினாவினால் ஆவதென்ன என்று ஒருவர் கேட்பின், அக்கேள்வியை நாம் எளிதில் தள்ளிவிடல் இயலாது. அதற்கு விடை கூறத்தக்க படைப்பொன்று ஈழத்திலேயே தோன்றியுள்ளது. யாழ்ப்பாணத்து ஓவியரும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து நுண்கலை ஆசிரியருமாகிய தா. சனாதனன் 2011இல் நூல்வடிவிற் படைத்த ‘முற்றுப்பெறாத தோம்பு’ என்பதே அது.

தோம்பு என்பது யாதெனின், போர்த்துக்கேயர் காலத்தில் தொடங்கி, ஒல்லாந்தர் காலத்தில் விரித்தெழுதப்பட்ட காணிப் பதிவேடு. எந்த நிலம் எவருக்கு உரியது, அவர் செலுத்த வேண்டிய இறை யாது என்பதை ஆள்வோர் அறிந்துகொள்வதற்காக எழுதப்பட்டது அது. சனாதனனின் தோம்போ நிலத்தை இழந்தோர் எழுதியது. வடக்கிலும் கிழக்கிலும் இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்கள் தாம் விட்டுவந்த வீட்டின் தள அமைப்பைத் தம் கையாலேயே நினைவிலிருந்து வரைந்தனர். அதனைக் கட்டடக்கலைஞர் முறைப்படியான வரைபடமாக ஆக்கினார். அதே வீட்டைப் பற்றி ஓவியர் தாமும் ஓர் ஓவியம் தீட்டினார். இங்ஙனம் 80 வீடுகள், அலுவலகக் கோப்புப் போன்ற அமைப்பில் தொகுக்கப்பட்டுள்ளன.

ஒரே வீட்டுக்கு மூன்று படங்கள். மூன்றும் தம்முள் ஒத்திருப்பதில்லை. நினைவினால் வரைபவர் அளவுகோலை நாடார். வாழ்ந்த இடம் வாழ்ந்தவாறே தாளில் விரியும். புழங்காத மூலை சுருங்கும். நம் ஊர்களில் வயது முதிர்ந்த ஒருவரிடம் பழைய வளவைக் கேட்டுப் பார்த்தால், கிணற்றடியிலிருந்தோ பூவரசம் வேலியிலிருந்தோ தொடங்குவாரன்றி நீள அகலத்திலிருந்து தொடங்கார். கட்டடக்கலைஞரின் கோடு அந்நடுக்கத்தைத் திருத்துகின்றது. திருத்துகையில் நினைவின் அன்பையும் அழித்துவிடுகின்றது. ஓவியரின் கை அவ்வன்பை மீட்க முனைகின்றது. மீட்கையில் தன் கற்பனையையும் கலந்துவிடுகின்றது. ஒவ்வொன்றும் உண்மை, எதுவும் வீடு அன்று.

இத்துணையில் நின்றால் இது கொசுத்தின் வழிநூல் என்றே கூறிவிடலாம். வேறுபாடு ஒன்று உண்டு. அதுவே இதன் உயிர். கொசுத்தின் அரங்கில் நாற்காலி இருக்கின்றது. ஐயுற்றவர் அதனைத் தொட்டுப் பார்க்கலாம். தோம்பிலோ வீடு இல்லை. மூன்று படங்களும் சுட்டும் இடம் வெறுமையாய்க் கிடக்கின்றது. அங்கே சொல்லுக்கும் பொருளுக்குமுள்ள தொலைவு அறிவினால் ஆக்கப்பட்டது. இங்கே வரலாற்றினால் ஆக்கப்பட்டது.

இவ்விடத்தில் அளவைநூல்கள் கூறும் ‘அபாவம்’ நினைவுக்கு வருகின்றது. நிலத்திற் குடம் இல்லை என்று அறிவதும் ஓர் அறிவே என்பர் அதனைத் தனியளவையாகக் கொள்வோர். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் அதனையும் எண்ணிக் காட்டி, காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள்ளேயே அடக்குவர். எங்ஙனம் அடக்கினும் ஓர் உண்மை நிலைபெறும்: குடத்தை முன்னறிந்தவனே குடமின்மையைக் காண வல்லன், அறியாதவன் வெறுநிலத்தையே காண்பான். 2009இன் பின் வன்னிக்கு வந்து சென்ற பயணிகள் பலர் கண்டது வெறுநிலம். மீண்டு வந்த குடிகள் கண்டது இன்மை. கண்ட நிலம் ஒன்று, காட்சி இரண்டு.

உறுதியும் காட்சியும் உடைமையும் பிரிந்து நின்ற நிலையை முல்லைத்தீவு மாவட்டத்துக் கேப்பாப்புலவு மக்கள் நன்கறிவர். 2017இன் தொடக்கத்தில் அங்குள்ள பிலவுக்குடியிருப்பு மக்கள், படையினர் வசமிருந்த தம் காணிகளின் வாயிலில் இரவு பகலாகக் காத்திருந்தனர். காணி தமதென்று சொல்லும் உரிமை இருந்தது. வேலிக்கு அப்பால் அது கண்ணுக்குத் தெரிந்தது. கால் வைக்க இயலவில்லை. அவ்வாண்டு மார்ச்சில் அந்நிலம் விடுவிக்கப்பட்டது. சனாதனனின் நூல் கோப்பின் தோற்றத்தை மேற்கொண்டதன் கருத்து இதனால் விளங்கும். அலுவலகம் ஏற்கும் வடிவில், அலுவலகம் ஏற்காத சான்றை அது அடுக்கி வைக்கின்றது.

குறையொன்றும் கூறுதல் திறனாய்வாளர் கடன். மூன்றாவது படமாகிய ஓவியரின் ஆக்கம் சில வேளைகளில் உரியவரின் குரலுக்கு மேலாகத் தன் குரலை எழுப்பிவிடக் கூடும். நடுங்கும் கோட்டுக்கும் நேர்கோட்டுக்கும் உள்ள வேறுபாடே போதிய அளவு பேசுகின்றது. அதற்கு உரை வேண்டுவதில்லை என்று எண்ணுவோரும் உளர். அவர் கூற்றில் நியாயம் உண்டு. ஆயினும் ஓவியர் தம்மைச் சாட்சியாக மட்டும் நிறுத்திக்கொள்ளாது, தாமும் பிழைபடக் கூடியவராக அவ்வரிசையிற் சேர்த்துக்கொண்டமை நேர்மையான செயலென்றே யாம் கருதுகின்றோம்.

இன்று வன்னியிற் பல வளவுகளில் வீட்டுத் திட்டங்களாற் கட்டப்பட்ட புதிய வீடுகள் நிற்கின்றன. அவை வேண்டியனவே, மழைக்கு ஒதுங்க நினைவு கூரையாகாது. ஆனாற் புதுவீட்டிற் பிறந்த பிள்ளைக்கு அவ்விடத்தில் யாதொன்றும் இல்லாமற் போனதாகத் தோன்றாது. பழைய வீட்டைக் கண்டவர் மறையும்போது, அதன் இன்மையும் உடன் மறையும். இழந்ததை முன்னறிவாக்கி அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பது கலையினால் ஆகக் கூடிய பணி. தோம்பு 80 வீடுகளுக்கு அதனைச் செய்தது. எஞ்சிய வீடுகள் எண்ணிறந்தன. ஒரு தாளும் ஒரு பென்சிலும் கொண்டு தம் வீட்டு முதியோர் அருகில் அமரும் மாணவர் எவரும் அத்தோம்பில் ஓர் ஏட்டைச் சேர்ப்பவராவர்.