மாட்டுங்கா காபியின் அவசரம்

மும்பை மாட்டுங்காவின் கிங்ஸ் சர்க்கிளில், பாவ் தாஜி சாலையில் இருக்கும் கஃபே மெட்ராஸைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு விஷயம் சொல்வார்கள். காபி பிரமாதம்; ஆனால் நிம்மதியாக உட்கார்ந்து குடிக்க விடமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பெயர் கொடுத்துவிட்டு நடைபாதையில் காத்திருக்க வேண்டும். இடம் கிடைத்தாலும் முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேஜையில் உட்கார வேண்டும். தட்டு காலியான கையோடு பில் வந்துவிடும். குணம் ஒன்று, குறை ஒன்று என்று இதைப் பிரித்துப் பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த அவசரம்தான் அந்தக் காபியைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. அதை எடுத்துவிட்டால் டம்ளரில் இருப்பதும் கெட்டுப்போகும்.

ஃபில்டர் காபியின் இயல்பே இதற்குச் சாட்சி. மேல் அடுக்கில் பொடியை இட்டு, லேசாக அழுத்தி, கொதிநீர் ஊற்றினால் டிக்காஷன் சொட்டுச் சொட்டாக இறங்கும். அதன் மணம் சீக்கிரம் பறந்துபோகிற மணம். இறங்கிய சூட்டோடு பாலில் கலந்தால் உதட்டுக்கு முன்னால் மூக்குக்கு எட்டும். சில மணி நேரம் கிடந்தால் மங்கிவிடும். மறுபடி சூடாக்கினால் கசப்புதான் மிஞ்சும். பாலும் அப்படித்தான். திரும்பத் திரும்பக் காய்ந்த பாலின் வாடை காபியின் வாசனையை அமுக்கிவிடும். விடிகாலையில் ஒரு முறை இறக்கிக் குடித்து முடித்துவிடும் வீட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. நாள் முழுக்க விற்கும் கடைக்கு உண்டு. டிக்காஷன் பழசாவதற்குள் தீர்ந்துபோக வேண்டும் என்றால் வாசலில் ஆள் நின்றுகொண்டே இருக்க வேண்டும், வேறு வழியில்லை. டபராவும் டம்ளரும்கூட அவசரத்துக்குத் தோதான பாத்திரங்கள். தூக்கி ஆற்றும்போது நுரை எழும்புகிறது. சூடு குடிக்கும் பக்குவத்துக்கு உடனே இறங்குகிறது. அதன்பின் பேசிக்கொண்டே அரை மணி நேரம் வைத்திருந்தால் ஆடை படிந்து வீணாகும். சிக்கரியைக் கலப்படம் என்று முகம் சுளிப்பவர்களுக்கும் இங்கே ஒரு வார்த்தை. கலவைப் பொடியில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும் என்பது சட்டம். மீதியெல்லாம் சிக்கரியாக இருந்தால் எனக்கும் பிடிக்காது. ஆனால் அளவோடு சேர்ந்த சிக்கரி, பாலுக்கு ஈடுகொடுக்கும் கனத்தைத் தருகிறது. மிஞ்சினால் தொண்டையில் ஒரு கருகிய இனிப்பு தங்கும். மாட்டுங்காவின் நல்ல காபியில் அது தங்குவதில்லை.

இந்த வேகம் இன்றைய கூட்டத்தால் வந்ததும் இல்லை. 1896இல் பம்பாயைப் பிளேக் உலுக்கியபின், 1898இல் அமைந்த நகர மேம்பாட்டு டிரஸ்ட் தாதர், மாட்டுங்கா பகுதிகளில் மனை பிரித்துத் தெருக்கள் போட்டது. ரயில்வேயிலும் அலுவலகங்களிலும் வேலை தேடி வந்த தமிழர்கள் அங்கே குடியேறினார்கள். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தொடங்கியது. கஃபே மெட்ராஸ் 1940இல் வந்தது. மாட்டுங்கா ரயில் நிலையத்தை ஒட்டி ராமா நாயக் ஆரம்பித்த உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் 1942இல் வந்தது. நடத்தியவர்கள் கர்நாடகக் கடலோரத்துக்காரர்கள். சாப்பிட்டவர்களில் பெரும் பங்கு தமிழ் குமாஸ்தாக்கள், பிரம்மச்சாரிகள். ரயிலைப் பிடிக்க வேண்டியவனுக்குச் சுடச்சுட, சுத்தமாக, சீக்கிரமாகப் போட்டு அனுப்புவதுதான் அன்றைய தொழில். அந்தப் பழக்கம் அப்படியே நின்றுவிட்டது.

காபிக் கடை என்றால் அரட்டைதானே, உட்காரவிடாத இடத்துக்கு ஏது களை என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். கொல்கத்தா காலேஜ் தெரு காபி ஹவுஸில் ஒரு தலைமுறையே உட்கார்ந்து இலக்கியம் பேசியது. மும்பையின் இரானி கடைகளிலும் ஒரு சாயாவோடு ஒரு மத்தியானத்தை ஓட்டலாம். காபி வரிக் குழு நடத்திய இந்தியா காபி ஹவுஸ் 1936இல் முதலில் திறந்ததே இதே ஊரின் சர்ச்கேட்டில்தான். அந்த மரபு பெரியது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் காலேஜ் தெருவுக்கு யாரும் காபியின் ருசிக்காகப் போவதில்லை. அங்கே காபி நாற்காலிக்குக் கொடுக்கும் வாடகை. மாட்டுங்காவில் பேச்சு நடைபாதைக்கு இடம் மாறியிருக்கிறது. காத்திருக்கும் நேரத்தில் நடக்கிறது, மேஜையைப் பங்குபோடும் குஜராத்திக் குடும்பத்தோடு நடக்கிறது. எதிரே இருப்பவர் தட்டைப் பார்த்து "அது என்ன தோசை?" என்று கேட்பது அங்கே மரியாதைக் குறைவு இல்லை. தனி மேஜை போட்ட கடையில் அந்தக் கேள்விக்கு இடமே கிடையாது.

இது அசல் தமிழ்நாட்டுச் சுவை இல்லை என்ற புகார் இன்னும் கனமானது. சாம்பாரைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்கிறேன். உடுப்பிப் பாணி இனிப்பு அதில் உண்டு, கும்பகோணத்து நாக்குக்கு அது இடறும். காபிக்கு அந்த வாதம் பொருந்தாது. காபி தமிழ் வீடுகளுக்கு வந்து நிலைத்ததே சமீபத்தில்தான் என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' கட்டுரையில் விரிவாகக் காட்டியிருக்கிறார். வந்தேறிய பானத்துக்கு ஒரே ஒரு சொந்த ஊரைக் கேட்பது நியாயமில்லை. அவசரத்தால் வரும் உண்மையான குறை சர்க்கரை. ஆளைக் கேட்டுக் கலக்க நேரமில்லாததால், நாம் சொல்லாவிட்டால் தித்திப்பு தூக்கலாகத்தான் வரும். 'சக்கரை கம்மி' என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

மும்பையின் புதிய ஏ.சி. காபிக் கடைகளில் ஒரு கோப்பைக்கு இரண்டு மணி நேரம் உட்காரலாம். அதற்குத் தகுந்த விலையையும் வாங்கிக்கொள்கிறார்கள். அது வேறு வியாபாரம். கஃபே மெட்ராஸ் பிற்பகலில் ஆள் குறையும் நேரத்தில் கடையைச் சாத்திவிட்டு மாலையில் திறக்கிறது. காபியை மட்டும் எடைபோட விரும்புகிறவர் ஞாயிறு காலைக் கூட்டத்தை விட்டுவிட்டு, வாரநாளில் அந்த மாலைத் திறப்புக்குப் போக வேண்டும். டிபன் எதுவும் சொல்லாமல், முதலில் காபியைக் கேட்டு வாங்க வேண்டும்.