உப்பு விலையும் தொகுப்பூதியமும்

என் முனைவர் பட்ட ஆய்வேட்டில் அகநானூற்றின் 140ஆம் பாடலுக்குப் பன்னிரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். நெய்தல் திணை, அம்மூவனார் பாடியது. உமணர் மகள் ஒருத்தி உப்பு விற்க வருகிறாள். தெருவில் விலை கூவுகிறாள். பழக்கமில்லாத குரல் கேட்டு வீட்டு நாய் குரைக்கிறது. அவள் மிரள்கிறாள், மிரண்ட அந்தக் கண்ணில் தலைவன் விழுந்துவிடுகிறான். என் பன்னிரண்டு பக்கமும் அந்தக் கண்ணைப் பற்றியதுதான். உவமை, உள்ளுறை, மெய்ப்பாடு எல்லாம் இருக்கிறது. அவள் எவ்வளவு தூரம் நடந்து வந்தாள் என்று ஒரு வரி இல்லை. உப்பு வண்டியைச் சேற்றிலிருந்து இழுக்கும் மாட்டின் பெருமூச்சுகூட அந்தப் பாடலில் தலைவனின் காதல் நோய்க்கு உவமையாகிவிடுகிறது. அதையும் நான் நயம் என்றுதான் பாராட்டியிருக்கிறேன். வாய்மொழித் தேர்வில் யாரும் மறுத்துக் கேட்கவில்லை.

கேட்டது ஒரு மாணவி. தூத்துக்குடியில் மாலைச் சுழற்சி வகுப்பு, முதுகலை முதலாண்டு. முத்தையாபுரம் பக்கமிருந்து வருகிறவள். அம்மா உப்பளத்துக்குப் போகிறவர். நான் கண்ணழகை விளக்கி முடித்ததும், "அன்னைக்கு அவளுக்கு யாவாரம் ஆச்சா மேடம்?" என்றாள். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போகும் பேருந்தில்தான் அது சிரிக்கிற கேள்வி இல்லை என்று உறைத்தது.

அடுத்த வாரம் 390ஆம் பாடலை எடுத்தேன். அதுவும் அம்மூவனாருடையது, அதுவும் உப்பு விற்கும் பெண். நெல்லும் உப்பும் சரிக்குச் சரி என்று கூவி வருகிறாள். ஒருவன் வழியை மறித்து, அவள் மேனியில் உள்ள உப்புக்கு என்ன விலை என்கிறான். எங்களை மறிக்க நீங்கள் யார் என்று அவள் திருப்பிக் கேட்கிறாள். கேட்டுவிட்டு லேசாகச் சிரித்தபடி தள்ளி நிற்கிறாள். இந்தச் சிரிப்பை எத்தனையோ வகுப்பில் நான் நாணம் என்றும் இசைவின் குறிப்பு என்றும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது படிக்கும்போது வேறு ஒன்று தெரிகிறது. அவள் தெருவில் வேலையில் இருக்கிறாள். இந்தத் தெருவுக்கு நாளையும் வரவேண்டும். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டாள், ஆனால் முறைத்துவிட்டுப் போக முடியாது. நாளைக்கு மறுபடியும் வரவேண்டிய பெண்ணின் சிரிப்பு அது. பாடலின் கதையை ஆண் சொல்கிறான், ஆகவே சிரிப்பின் பொருளையும் அவனே எடுத்துக்கொள்கிறான். நாங்கள் உரை என்ற பெயரில் அவன் பக்கம் நின்றுகொண்டிருந்தோம்.

அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரிந்த சிரிப்பு. ஒவ்வொரு ஆண்டும் பணி நீட்டிப்பு ஆணைக்காக அலுவலக மேசை முன்னால் நிற்கும்போது என் முகத்தில் வருவது அதுதான்.

எங்கள் பதவிக்குக் கௌரவ விரிவுரையாளர் என்று பெயர். கல்லூரி வழக்கில் 'கெஸ்ட்'. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள், நான் பதினான்கு ஆண்டாக விருந்தாளி. வாங்குவதைச் சம்பளம் என்று ஆணை சொல்லாது, தொகுப்பூதியம் என்கும். மதிப்பூதியம் என்று வேறொரு சொல்லும் உண்டு. மதிப்பு, கௌரவம் என்ற சொற்கள் ஊதியத்துக்கு முன்னால் வந்து நின்றால் தொகை குறைவு என்று பொருள். இதைக் கண்டுபிடிக்கத் தமிழில் முனைவர் பட்டம் தேவையில்லை.

பல்கலைக்கழக மானியக் குழு 2019 ஜனவரியில் கௌரவ ஆசிரியர்களுக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு உச்சமாக 50,000 ரூபாய் என்று நிர்ணயித்தது. தமிழக அரசுக் கல்லூரிகளில் தொகை 15,000, 20,000, 25,000 என்று படிப்படியாகத்தான் ஏறியது, அதுவும் ஆண்டுக்குப் பதினோரு மாதம். மே மாதம் கிடையாது. ஒப்பந்த ஆசிரியர்கள் மொத்தப் பணியிடங்களில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அதே மானியக் குழுவின் 2018 ஒழுங்குமுறை சொல்கிறது. 2025 ஜனவரியில் வெளியிட்ட வரைவில் அந்த வரம்பையே காணோம். விதியை மீறுவது சிரமமாக இருந்தால் விதியை எடுத்துவிடலாம் போலிருக்கிறது.

இது நம் ஊர் நோய் மட்டுமில்லை. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் துக்கேன் பல்கலைக்கழகத்தில் 25 ஆண்டு பகுதிநேரமாகப் பிரெஞ்சு கற்பித்த மார்கரெட் மேரி வோய்ட்கோ, வேலை புதுப்பிக்கப்படாமல் 2013இல் தம் 83ஆம் வயதில் இறந்தார். அவர் இறந்த பிறகுதான் பல்கலைக்கழகங்கள் யாருடைய கழுத்தில் நிற்கின்றன என்று அங்கே பேசினார்கள்.

இந்த வேலையில் நான் நடத்தும் தாள்களில் ஒன்று உலக வணிகமும் தமிழும் என்ற பொருளிலானது. மாணவர்களுக்குப் பிடித்த தாள். எங்கள் கடற்கரைதான் அதன் கதாநாயகி. கிரேக்க மாலுமி ஒருவர் 1ஆம் நூற்றாண்டில் எழுதிய எரித்திரையக் கடல் பெரிப்புளூஸில் கொற்கை வருகிறது. முத்து ரோமாபுரிவரை போனது என்று சொல்லும்போது வகுப்பில் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆனால் அந்த நூல் கொற்கையைச் சொல்லும் அதே இடத்தில், முத்துக்குளிப்பு தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு நடந்தது என்கிறது. சின்னக் குறிப்பு. ஆண்டுக்கணக்காக நான் அதை வேகமாகக் கடந்திருக்கிறேன். தேர்வில் வராது, பெருமைக்கும் உதவாது. பிற்காலத்தில் குளித்தவர்களுக்குச் சிப்பியில் ஒரு பங்கு கிடைத்தது, பெரும்பங்கை அரசு எடுத்து ஏலம் விட்டது. 1961க்குப் பிறகு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனாலும் ஊருக்குப் பெயர் முத்துநகர். மழைக்காலம் தவிர இங்கே விளைவது உப்பு, அதை வாரிச் சுமப்பவர்களில் பெண்கள் ஏராளம். உப்புநகர் என்று யாரும் சொல்வதில்லை. உலகத்தோடு கொண்ட உறவைப் பேசும் நம் பாடத்திட்டங்களில் கப்பல் வரும், காசு வரும், மன்னன் வருவான். மூச்சடக்கியவனும் தட்டுமேட்டுக்கு உப்புச் சுமந்தவளும் வர இடமிருக்காது.

அந்த இடத்தை ஒரு நாவல் கொடுத்தது. ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்'. 1970களின் இறுதியில், தூத்துக்குடி உப்பளங்களுக்கே வந்து பார்த்து, பேசி எழுதியது. முறையான கல்வி அதிகம் பெறாதவர், பதினைந்து வயதில் மணமானவர். நெய்தலைப் பற்றி ஆய்வேடு எழுதிய எங்களில் பலர் பார்க்காததை அவர் பார்த்தார். பிரச்சாரம் என்று இந்த நாவலை ஒதுக்குகிறவர்கள் உண்டு. உரையாடல் சில இடங்களில் மேடைப் பேச்சாகிறது என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கண்ட்ராக்ட் என்ற ஏற்பாடு ஒரு பெண்ணின் நாளை எப்படித் துண்டு துண்டாக்குகிறது என்பதை அவர் அளவுக்கு விவரமாகச் சொன்னவர் குறைவு. பாத்திக்காட்டின் வெயிலையும் மேற்பார்க்கிறவன் பார்வையையும் பொன்னாச்சி ஒரே உடம்பில்தான் தாங்குகிறாள். அங்கே இரண்டும் வெவ்வேறு பிரச்சினைகள் இல்லை. நாளைக்கு வேலை உண்டா என்பதை ஒருவன் வாய் தீர்மானிக்கிறது என்றால், மற்ற எல்லாமும் அந்த வாயிலிருந்து தொடங்கும். அம்மூவனாரின் பெண் நின்ற தெருவின் மறுபக்கம் இது. இங்கே பெண் பக்கமிருந்து பார்க்கிறோம், ஆகவே சிரிப்பு அழகாக இல்லை.

இந்த நாவலை நடத்தும்போது எனக்குள் ஒரு ஆசை எழுந்ததை மறைக்க விரும்பவில்லை. நாங்களும் இப்படித்தான் என்று சொல்லிவிடும் ஆசை. எங்கள் போராட்டப் பந்தல்களில் கொத்தடிமை என்ற சொல்லைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது ஒப்பவில்லை. மின்விசிறிக்குக் கீழே நின்று பேசுகிறவள் நான். உப்பு வெள்ளையில் கண் கூச, காலில் வெடிப்போடு நிற்பவரின் மகள் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். அவர்கள் துன்பத்தை என் துன்பத்துக்கு உவமையாக்கினால், மாட்டின் பெருமூச்சைத் தலைவனுக்குக் கொடுத்த வேலையைத்தான் நானும் செய்கிறேன்.

எங்கள் கணக்கு வேறு, அதில் நானும் ஒரு பற்று. துறையில் என்னோடு ஒரு தோழி இருந்தாள். கவிதையில் என்னைவிட நல்ல காது. 2015இல் கருவுற்றாள். ஏழாம் மாதம்வரை இரண்டு மாடி ஏறி வகுப்பு எடுத்தாள். பிறகு வரவில்லை. விடுப்பு என்று ஒன்று எங்களுக்கு இல்லை, வராவிட்டால் இல்லை, அவ்வளவுதான். அவளுடைய மணிநேரங்களை யாருக்குக் கொடுப்பது என்ற பேச்சு வந்தபோது நான் தலையாட்டினேன். வீட்டில் கடன் இருந்தது, மகள் பள்ளியில் சேர்ந்திருந்தாள். எல்லாம் உண்மையான காரணங்கள். குழந்தைக்கு நான்கு மாதம் ஆனபோது அவள் திரும்ப வந்தாள். அந்த மணிநேரங்கள் என் பெயரில் இருந்தன. ஆசிரியர் அறையில் நாங்கள் இருவரும் தேநீர் குடித்தோம். "பரவாயில்லடி, எனக்கும் பிள்ளையப் பாத்துக்கிட மாதிரி ஆச்சு" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை அன்றைக்கு நான் சம்மதம் என்றே வாசித்தேன். அந்த வாரமும் வகுப்பில் 390 நடத்தியிருப்பேன்.

பகுதிநேரம் பெண்ணுக்கு வசதி என்ற பேச்சு இந்த இடத்தில்தான் வேலை செய்கிறது. யாருக்கு வசதி என்று பார்க்க வேண்டும். பிள்ளை பெறுகிறவளை ஒரு ஆணைகூடப் போடாமல் விலக்க முடிகிறது. விலகியவள் தானாக விலகியதாகச் சொல்லிக்கொள்ள வீட்டிலேயே காரணம் தயாராக இருக்கிறது. மிஞ்சிய மணிநேரங்களை வாங்கிக்கொள்ளும் இன்னொரு பெண் வாய் திறக்க மாட்டாள். 2023 ஆகஸ்டில் கவிதா யாதவ் வழக்கில், ஒப்பந்தக் காலம் முடிந்துபோனாலும் மகப்பேற்றுப் பலன்கள் உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தச் செய்தியைத் தோழிக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். பிள்ளைக்கு எட்டு வயதாகிறது என்று பதில் வந்தது. அதற்குமேல் ஒன்றும் எழுதவில்லை.

அதன் பிறகு இந்த இரண்டு பாடல்களையும் நான் வேறு மாதிரிதான் நடத்துகிறேன். முதலில் விலையைக் கேட்கச் சொல்கிறேன். யார் செய்த பொருள், யார் சுமக்கிறார்கள், எதற்கு மாற்று, சிரிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும். கண்ணைப் பற்றிப் பிறகு பேசலாம் என்கிறேன், அழகை வெட்டி எறியச் சொல்லவில்லை. சில பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை, காதல் பாட்டைக் கெடுக்கிறேன் என்கிறார்கள். உப்பின் விலையைப் பேசத் தொடங்கினால் வகுப்பில் யாராவது ஒருவர் உங்கள் விலை என்ன என்றும் கேட்டுவிடுவார்கள். கேட்டார்கள். சொன்னேன். முதல் முறை சொன்னபோது தொண்டை கம்மியது. ஆசிரியை தன் சம்பளத்தை வகுப்பில் சொல்வது மரியாதையில்லை என்று சக ஆசிரியர் ஒருவர் வருத்தப்பட்டார். நல்ல மனிதர், நிரந்தரப் பணியில் இருப்பவர்.

போன ஏப்ரல் கடைசியில், தேர்வுக் கட்டணம் கட்ட அந்த முத்தையாபுரத்து மாணவி அம்மாவோடு வந்தாள். அளத்தில் அரை நாள் சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னார். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பேசினோம்.

"லீவு விட்டாச்சுல்லா டீச்சர், இனி நிம்மதிதான்."

"எங்களுக்கு மே மாசம் சம்பளம் கிடையாதுக்கா."

அவர் நம்பாமல் மகளைப் பார்த்தார். மகள் தலையாட்டினாள். "எங்களுக்கு மழைக்காலந்தான் சோலி கெடயாது. அதுக்கும் கவுர்மெண்டுல அஞ்சாயிரம் தாராக" என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"உப்பு விக்கிறவ பாட்டு நடத்துனியளாமே. வழிய மறிச்சவன அந்தப் புள்ள என்ன கேட்டாளாம்?"

"மறிக்க நீங்க யாருன்னு கேட்டாளாம்க்கா."

"நல்லாக் கேட்டா" என்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பொறவு? உப்பு வித்துச்சா?" என்றார்.