கொடுத்த கணக்கு, சேர்ந்த கணக்கு

எங்காவது நிலநடுக்கமோ புயலோ வந்தால் இரண்டாம் நாளே செய்திகளில் ஒரு பட்டியல் வந்துவிடும். அமெரிக்கா இவ்வளவு, ஜப்பான் இவ்வளவு, இந்தியா இவ்வளவு என்று. நம்ம நாடு எத்தனையாவது இடம்னு பார்த்துவிட்டு நாமும் அடுத்த செய்திக்குப் போய்விடுவோம். இந்தப் பட்டியல் உண்மையில் எதை அளக்கிறது என்பதுதான் என் கேள்வி. சோதித்துப் பார்க்க ஹைட்டியை எடுத்துக்கொள்கிறேன்.

2010 ஜனவரி 12 அன்று வந்த நிலநடுக்கத்தின் அளவு 7.0. தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸில் ஜனாதிபதி மாளிகை முதல் ஐ.நா. தலைமையகம் வரை இடிந்து விழுந்தன. மார்ச் 31-ல் நியூயார்க்கில் கூடிய நாடுகள், முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும் 500 கோடி டாலருக்கு மேல் தருவதாக அறிவித்தன. பட்டியல் என்று பார்த்தால் பிரமாதம்.

முதலில் கியூபா. 1998 புயலுக்குப் பிறகு வந்த கியூப மருத்துவர்கள் திரும்பிப் போகவே இல்லை. நிலம் நடுங்கிய அன்று முந்நூறுக்கும் மேற்பட்ட கியூப மருத்துவப் பணியாளர்கள் அங்கேயே இருந்தார்கள். அதனால் முதல் இரவே சிகிச்சை ஆரம்பித்துவிட்டது. டாலர் பட்டியலில் இதை எந்த வரிசையில் எழுதுவது?

அமெரிக்காவின் பங்கு மிகப் பெரியது, மறுக்க முடியாது. துறைமுகம் சிதைந்த நிலையில் விமான நிலையத்தை இயங்க வைத்தது அவர்களுடைய ராணுவம்தான். ஆனால் எந்த விமானம் முதலில் இறங்குவது என்பதும் அவர்கள் கைக்குப் போனது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் மருத்துவச் சரக்கு விமானங்கள் டொமினிகன் குடியரசுக்குத் திருப்பிவிடப்பட்டன. அந்த அமைப்பு வெளிப்படையாகவே இதைக் கண்டித்தது.

சரி, பணம் யார் கைக்குப் போனது? ஐ.நா. சிறப்புத் தூதர் அலுவலகத்தின் கணக்குப்படி, அவசர நிவாரண நிதியில் ஹைட்டி அரசுக்கு நேரடியாகச் சேர்ந்தது சுமார் 1 சதவீதம்தான். மற்றதெல்லாம் கொடுத்த நாடுகளின் சொந்த அமைப்புகள், ஐ.நா. நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள் வழியாகப் போனது. அரசு நிலைகுலைந்திருக்கிறது, ஊழல் வேறு என்பது அவர்கள் சொன்ன காரணம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனா கையில் காசே கொடுக்காமல் ஒரு அரசு எப்படித்தான் எழுந்து நிற்கும்?

அரிசிக் கதை இன்னும் பழசு. 1990-களில் ஹைட்டி அரிசிக்கான இறக்குமதி வரியை 3 சதவீதமாகக் குறைக்க வேண்டியதாயிற்று. மலிவான அமெரிக்க அரிசி குவிந்தது, உள்ளூர் உழவர்கள் நொடித்தார்கள். நிலநடுக்கம் நடந்து இரண்டே மாதத்தில் பில் கிளிண்டன் செனட் குழுவின் முன் அந்தக் கொள்கை தவறு என்று ஒப்புக்கொண்டார். அதே மாதம் ஹைட்டி ஜனாதிபதி பிரேவல், உணவு உதவி தொடர்ந்து வந்தால் அது உள்ளூர் விளைச்சலுக்கே போட்டியாகிவிடும் என்று எச்சரித்தார். பட்டியலைப் பொறுத்தவரை ஒரு மூட்டை அரிசி என்றால் ஒரு மூட்டை உதவி, அவ்வளவுதான்.

கடைசியாக, காலரா. 2010 அக்டோபரில் மிரெபாலே அருகிலிருந்த ஐ.நா. அமைதிப்படையின் நேபாள முகாமிலிருந்து கழிவு ஆற்றில் கலந்தது. நூறாண்டுகளாகக் காலரா பதிவாகாத நாட்டில் சுமார் 10,000 பேர் இறந்தார்கள். பான் கி மூன் மன்னிப்புக் கேட்க 2016 டிசம்பர் ஆகிவிட்டது. நேபாள வீரர்களைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. முகாமின் சுகாதாரத்தைக் கவனிக்க வேண்டிய பொறுப்பு ஐ.நா.வுடையது.

இந்தப் பட்டியல்களில் கூட்டல் மட்டும்தான் உண்டு, கழித்தல் கிடையாது. உதவி வந்த வழியில் விளைந்த சேதத்தை யாரும் எந்த நாட்டின் பெயருக்கு எதிரேயும் எழுதுவதில்லை. பட்டியலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அறிவித்த தொகைக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று பத்திகள் சேர்க்கட்டும்: எப்போது வந்தது, யார் கையில் கொடுத்தார்கள், போகும்போது எதை விட்டுவிட்டுப் போனார்கள். அப்படி ஒரு பட்டியல் வந்தால், முதல் வரிசையில் இருக்கும் பெயர்கள் நிறைய மாறும்னு நினைக்கிறேன்.