பாலைக்கு நிலம் கிடைத்த வரலாறு

அருப்புக்கோட்டையிலிருந்து தெற்கே எட்டயபுரத்தை நோக்கிச் செல்லும் பெருவழியில் பந்தல்குடியைக் கடக்கும் எவரும், மேலே கரிசலும் கீழே சுண்ணாம்புக்கல்லுமாகக் கிடக்கும் அப்பூமியையும், ஐப்பசி மழையை நம்பிக் கம்பும் குதிரைவாலியும் பருத்தியும் மல்லியும் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருக்கும் அதன் குடிகளையும், கரையெங்கும் சீமைக் கருவேல் மண்டிய கண்மாய்களையும் கண்டு, பள்ளிப் பாடத்தில் படித்த ஞாபகத்தைக் கொண்டு, இதுவே பாலை என்று சொல்லிவிடக் கூடும். ஆனால் தொல்காப்பியர் அவ்வாறு சொல்ல இடங்கொடுக்கவில்லை. காடும் மலையும் வயலும் கடற்கரையுமாக நான்கு நிலங்களை வகுத்து, ஒவ்வொன்றுக்கும் தெய்வமும் விதித்த அவர், நடுவில் நிற்கும் பாலைக்குத் தனி நிலம் எதையும் ஒதுக்கினாரில்லை. வேனிலையும் நண்பகலையும் மட்டும் அதற்கு உரிமையாக்கி, பின்பனிக் காலமும் அதற்குப் பொருந்தும் என்று ஒரு சலுகை கூட்டினார். முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் தம் இயல்பு திரிந்து பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்று இளங்கோவடிகள் காடுகாண் காதையில் விளக்கம் தந்ததும் இந்தக் குறையை நிரப்புவதற்கே போலும்.

நிலமற்ற இத்திணைதான் சங்கக் கவிகளின் கற்பனையை அதிகமாக ஆட்கொண்டது என்பது ஒரு விநோதம். அகநானூற்றின் நானூறு பாட்டுக்களில் ஒற்றைப்படை எண் பெற்ற இருநூறும் பாலைக்கு உரியவை. கலித்தொகையிலோ பாலை பாடிய பெருங்கடுங்கோவின் பெயரால் 35 பாட்டுக்கள் நிற்கின்றன. அவற்றுள் ஒன்றை மட்டும் சற்று நெருங்கிப் பார்ப்போம். பொருள் தேடப் பிரிந்தவன் திரும்புவானோ என்று கலங்கும் தோழிக்குத் தலைவியே ஆறுதல் கூறுகிறாள். அவன் செல்லும் காட்டில், யானைக் கன்று காலால் கலக்கிவிட்ட சொற்பமான தண்ணீரை, களிறு முதலில் தன் பிடிக்கு ஊட்டிவிட்டு, மிஞ்சியதைப் பிறகு தான் குடிக்கிறது. புறா தன் மெல்லிய சிறகால் பேடையின் வெப்பத்தை ஆற்றுகிறது. ஒதுங்க மரமில்லாத இடத்தில் ஆண்மான் தன் உடம்பின் நிழலையே பிணைக்குக் கொடுத்து நிற்கிறது. இவற்றைச் சொன்னவன் அவனே. ஆகையால் அவற்றைக் கண்ணால் காணும்போது அவன் மனம் வீட்டை நோக்கித் திரும்பாமல் இராது என்பது அவள் தர்க்கம். இதனை இலக்கணத்தார் இறைச்சி என்பர். உவமையில் ‘போல’ என்ற பாலம் இருக்கும். உள்ளுறையில் அந்தப் பாலத்தை மறைத்துவிட்டு, ஒன்றுக்கு ஒன்றாக ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை வாசகனுக்கு விட்டுவிடுவார்கள். இறைச்சியில் ஒப்பீடே வேண்டுவதில்லை, காட்டில் நிகழ்வது காட்டில் நிகழ்வதாகவே நிற்க, பொருள் அதற்குப் புறத்தே தானாகப் பிறக்கிறது. மூன்றினுள் இதுவே அரிய வித்தை என்பது என் அபிப்பிராயம்.

எனினும், அந்தக் கலங்கிய நீரைத் தலைவி கண்டதில்லை. பாலை என்பது வீட்டில் இருப்போர் எண்ணிப் பார்க்கும் இடம். போகிறவன் கடக்கும் வழி. வேட்டுவ வரியில் எயினர் குடியிருப்பை உள்ளே புகுந்து காட்டிய இளங்கோவை விலக்கிப் பார்த்தால், அங்கே அடுப்பு மூட்டி, பிள்ளை பெற்று, வரி கட்டி வாழும் ஒரு குடும்பத்தை அப்பாட்டுக்களில் காண்பது துர்லபம். அந்தக் குடும்பத்தை இலக்கியத்துக்குள் அழைத்து வந்தவர்கள் இருபதாம் நூற்றாண்டின் கரிசல் எழுத்தாளர்கள்.

இடைசெவல் கி. ராஜநாராயணனின் ‘கதவு’ என்னும் சிறுகதையை இந்தக் கண்ணோடு படித்தவர் சிலரே. அதில் ஒரு ஏழைச் சம்சாரியின் வீட்டுக் கதவு இருக்கிறது. குழந்தைகள் அதில் ஏறி நின்று பஸ் விளையாட்டு ஆடுகிறார்கள். தெருவில் கண்டெடுத்த தீப்பெட்டிப் படத்தை அதில் ஒட்டி அழகு பார்க்கிறார்கள். தகப்பன் மணிமுத்தாற்றுக்குக் கூலி வேலைக்குப் போனவன். கடுதாசியும் இல்லை, காசும் இல்லை. தீர்வை பாக்கிக்காகத் தலையாரி வந்து கதவைப் பெயர்த்துக்கொண்டு போகிறான். கதவில்லாத வீட்டில் குளிர் புகுந்து கைக்குழந்தை இறந்துவிடுகிறது. பின்னொரு நாள் சாவடிப் பக்கம் மழையிலும் வெயிலிலும் கிடக்கும் அந்தக் கதவைக் கண்ட குழந்தைகள் அதனைத் தடவிக் கொடுக்கிறார்கள். கதை இவ்வளவே.

பொருள்வயின் பிரிவு என்ற பழைய துறை இங்கே அப்படியே இருக்கிறது. ஆனால் ஆசிரியர் பிரிந்தவனோடு ஒரு அடிகூட நடக்கவில்லை, வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். கதவு எதற்குக் குறியீடு என்று அவர் ஓரிடத்திலும் வாய் திறக்கவில்லை. குழந்தைகளுக்கு வாகனமாகவும், சர்க்காருக்கு ஜப்தி செய்யத்தக்க சொத்தாகவும், வாடைக்கு ஒரே தடையாகவும், முடிவில் காணாமற்போன உறவினரைப் போலவும் அது மாறி மாறி நிற்கிறது. ஒவ்வொரு நிலையிலும் அது வெறும் மரக்கதவுதான். களிறும் பிடியும் செய்த வேலையை அது செய்கிறது. மேலும், வறண்ட நாட்டுக் கதையில் குழந்தையைக் கொல்வது வெயிலன்று, குளிர் என்பதையும் கவனிக்க வேண்டும். பாலைக்குப் பனிக்காலத்தையும் உரிமையாக்கிய தொல்காப்பியர் வறட்சியை வெறும் உஷ்ணமாகக் கருதவில்லை என்பது இவ்விடத்தில் விளங்குகிறது.

இத்தகைய நுட்பங்களைக் காணவிடாமல் செய்வது ‘வட்டார இலக்கியம்’ என்ற முத்திரை. அதைக் குத்தியவுடன் மாணாக்கர்கள் வழக்குச் சொற்களைப் பொறுக்கி அட்டவணை போடத் தொடங்கிவிடுகிறார்கள். கரிசல் வழக்குச் சொற்களுக்கு அகராதி தொகுத்தவரும் கி. ரா.வே ஆதலால், இந்தப் பழக்கத்துக்கு அவரும் ஓரளவு உடந்தை என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

பூமணியின் ‘வெக்கை’ (1982), கொலை செய்துவிட்டுத் தகப்பனோடு காட்டிலும் மேட்டிலும் ஒளிந்து திரியும் சிறுவனைக் கொண்டு, பாலையை மீண்டும் வழியாக்குகிறது. ஆனால் வழியில் வரும் ஒவ்வொரு செடியும் ஓடையும் அவர்களுக்குப் பெயர் தெரிந்தவை என்பதால், அந்நிய நிலத்தின் அச்சம் அதில் இல்லை, சொந்த நிலத்திலேயே அந்நியராகிவிட்ட துயரம் இருக்கிறது. அருப்புக்கோட்டைக்கு வடக்கே மல்லாங்கிணரில் பிறந்த எஸ். ராமகிருஷ்ணன் ‘நெடுங்குருதி’யைப் பருவங்களின் பெயரால் பகுத்தார், அவற்றுள் ஒன்று காற்றடிக் காலம். இலக்கணம் வகுத்த ஆறு பருவங்களில் அதற்கு இடமில்லை. ஆனால் ஆடிக் காற்றில் புழுதி கிளம்பிக் கூரை பறப்பதைக் கண்ட சம்சாரிக்கு அதைவிடத் தெளிவான பருவம் வேறில்லை. முதற்பொருளாகிய காலத்தையே ஒரு நாவல் திருத்தி எழுதியிருக்கிறது எனலாம்.

நாடகத்தில் இந்நிலத்தின் போக்கு வேறு. தூத்துக்குடிச் சீமையின் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ கரிசல் கிராமங்களின் பொங்கல் விழாக்களில் விடிய விடிய நடந்து வந்திருக்கிறது. ராஜபார்ட் ஓரூரிலிருந்தும் ஸ்திரீபார்ட் மற்றோர் ஊரிலிருந்தும் வந்து, ஒத்திகை என்பதே இல்லாமல், மனப்பாடமாயிருக்கும் சுவாமிகளின் பாட்டுக்களை மட்டும் துணையாகக் கொண்டு மேடையேறுகிறார்கள். இடையில் வரும் தர்க்கங்களை அவரவர் சாமர்த்தியத்தால் அப்போதைக்கப்போது வளர்க்கிறார்கள். மேடையில் நிற்பது குறிஞ்சித் தினைப்புனம். எதிரே மண்ணில் உட்கார்ந்திருப்பவர்கள் கம்மங்காட்டில் பரண் கட்டிக் குருவி விரட்டியவர்கள். வள்ளி ஆலோலம் பாடும்போது, மலையைக் கண்டிராத அவர்களுக்கு யாரும் பொழிப்புரை கூற வேண்டியதில்லை.

இனித் திருச்சுழிக்கு வருவோம். ரமணர் பிறந்த ஊர் என்ற கீர்த்தியால், சுந்தரர் பதிகம் பெற்ற ஊர் என்ற அதன் பழைய பெருமை சற்று மங்கியிருக்கிறது. குண்டாற்றங்கரையில் உள்ள அவ்வூரின் ஸ்தல புராணம், உலகை அழிக்க வந்த பிரளய வெள்ளத்தைச் சிவபெருமான் சூலத்தால் துளையிட்டுச் சுழித்துப் பூமிக்குள் இறங்கச் செய்ததாகக் கூறுகிறது. வருஷத்தில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆற்றின் கரையில் வெள்ளத்தின் புராணம்! பக்தர் இதில் திருவிளையாடலைக் காண்பார். இலக்கிய ஆராய்ச்சியாளன் இதில் வேறொன்றையும் காணலாம்: வறண்ட நாட்டின் கற்பனை வறட்சியை அளந்து கணக்குப் பார்ப்பதைவிட, தண்ணீரைப் பெருக்கிப் பார்ப்பதிலேயே அதிக ஈடுபாடு காட்டுகிறது. 2019-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற சோ. தர்மனின் ‘சூல்’ நாவலுக்கும் இந்தச் சுபாவமே மூலம். உருளைக்குடிக் கண்மாய் அதில் இடமாக மட்டும் நில்லாமல், நிறைசூலியான ஒரு பெண்ணைப் போல ஊரைத் தாங்கி நிற்கும் பாத்திரமாகவே ஆகிறது. தூர் வாருவதும் மடை திறப்பதும் கதையின் நிகழ்ச்சிகள். அந்த முறைகள் குலைவதே கதையின் அவலம். காணாத காட்டுக் கலங்கல் நீரைத் தோழிக்கு விவரித்த கலித்தொகைத் தலைவிக்கு யானை தேவைப்பட்டது. தர்மனுக்கு ஒரு நீர்ப்பாய்ச்சியும் அவன் மண்வெட்டியும் போதுமானவையாக இருந்தன.