புள்ளிக் கணக்கும் போர்வெல் கணக்கும்: மைக் கோனின் புத்தகம் பற்றி

மைக் கோன் எழுதிய 'அஜைல் எஸ்டிமேட்டிங் அண்ட் பிளானிங்' 2005-ல் வந்தது. ஸ்பிரின்ட், ஸ்டோரி பாயின்ட், வெலாசிட்டி என்று பேசுகிற டீம்களில் இந்தப் புத்தகத்தைக் கையில் எடுக்காதவர்கள்கூட ஏறக்குறைய இதன்படிதான் வேலை செய்கிறார்கள். இருபது வருஷப் பழைய புத்தகத்தை இப்போ எதுக்கு நோண்டணும்? புத்தகத்தின் கணக்கில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. அந்தக் கணக்கு யார் கைக்குப் போய்ச் சேரும் என்பதை கோன் போதுமான அளவு யோசிக்கவில்லை என்பதுதான் என் குறை.

முதலில் புள்ளியின் பூர்வீகம். எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் ஆரம்பித்த காலத்தில் வேலையை 'ஐடியல் நாள்' என்று அளந்தார்கள். யாரும் குறுக்கிடாமல் விட்டால் எத்தனை நாளாகும் என்ற கணக்கு. நிஜத்தில் அதைப்போல மூன்று மடங்கு ஆகும். ஒரு நாள் வேலைக்கு ஏன் மூணு நாள் என்று மேலே இருப்பவர்கள் கேட்கவே, 'நாள்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'பாயின்ட்' என்று வைத்தார்கள். இதை 2019-ல் எழுதியவர் அந்த முன்னோடிகளில் ஒருவரான ரான் ஜெஃப்ரீஸ். புள்ளியைக் கண்டுபிடித்தது தானாக இருக்கலாம், அப்படியானால் அதற்காக வருந்துகிறேன் என்றும் அதிலேயே சொல்கிறார். அதாவது புள்ளி, மேனேஜருக்கும் டீமுக்கும் நடுவே கட்டிய ஒரு திரைச்சீலை. கோன் அதை ஓர் அளவுகோலாகவே நமக்குக் கொடுக்கிறார்.

அடுத்தது பிளானிங் போக்கர். ஜேம்ஸ் கிரென்னிங் 2002-ல் எழுதியதை ஊரெல்லாம் பரப்பியது இந்தப் புத்தகம். எல்லாரும் ஒரே நேரத்தில் சீட்டைத் திருப்ப வேண்டும். மிக அதிகமும் மிகக் குறைவும் சொன்னவர்கள் காரணம் சொல்ல வேண்டும். ஒருத்தர் எண்ணைப் பார்த்து இன்னொருத்தர் மாற்றக் கூடாது என்பதற்கான நல்ல ஏற்பாடு. ஆனால் இதற்கு ஒரு முன்நிபந்தனை உண்டு: சின்னவர் பெரியவரை மறுத்துப் பேசக்கூடிய அறை வேண்டும். "இது சின்ன வேலைதானே" என்று லீட் முன்னாடியே சொல்லிவிட்டால் சீட்டு விளையாட்டு அங்கேயே முடிந்தது. ரெண்டு வருஷ அனுபவமுள்ள பெண் 8 போட்டு மற்றவர்கள் 3 போட்டால், அவர் சொல்லும் காரணம் நம்ம ஆபீஸ்களில் சாக்காகக் கேட்கப்படுகிறது. அடுத்த சுற்றில் அவரும் 3 போடுவார். 8-க்கும் 3-க்கும் நடுவில் இருக்கும் வேலை எங்கே போகும்? வெள்ளிக்கிழமை ராத்திரி அவர் வீட்டு லேப்டாப்புக்குப் போகும்.

வெலாசிட்டியும் அப்படித்தான். உதாரணத்துக்கு, ஸ்பிரின்டுக்கு 30 புள்ளி முடிக்கிற டீமிடம் கிளையன்ட் 36 கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நேற்று 3 என்ற வேலை இன்று 5 ஆகும். நாலு ஸ்பிரின்டில் 40 கூட வரும், மென்பொருள் மட்டும் அதே வேகத்தில்தான் வரும். நீளம் மாறுகிற அடிக்கோலை வைத்து அளந்தால் இப்படித்தான்.

எங்க அன்னூர்ப் பக்கம் நிச்சயமில்லாத வேலை என்றால் போர் போடுவதுதான். நிலத்தடி நீர் அவ்வளவு கீழே போய்விட்டது. நீரோட்டம் பார்க்கிறவர் வந்து இத்தனை அடியில் தண்ணி என்பார். அது மதிப்பீடு. திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர் அந்த எண்ணுக்குக் கட்டுப்பட்டவரல்ல. அவருக்கு அடிக்கு இவ்வளவு என்று கூலி, ஆழம் கூடக்கூட அடி ரேட்டும் கூடும், கேசிங் பைப் தனி. சொன்ன ஆழத்தில் தண்ணி வரவில்லை என்றால் வண்டி நிற்கும். "இன்னொரு நூறு அடி போலாமுங்களா?" என்று காட்டுக்காரரைக் கேட்பார்கள். மதிப்பீடு ஒருவருடையது, உழைப்பின் அளவு வேறு, மேலே போவதா நிறுத்துவதா என்ற முடிவு பணம் போடுகிறவருடையது. மூன்றும் தனித்தனி.

இது நியாயமான ஏற்பாடு என்று சொல்லவில்லை. தண்ணி வராத குழிக்கும் கடன் வாங்கிக் கட்டுகிற விவசாயியை எல்லோருக்கும் தெரியும். ஆனால் நஷ்டம் யாருக்கு என்பதில் ஒளிவுமறைவு இல்லை. நம்ம ஃபிக்ஸட் பிரைஸ் புராஜெக்டில் நீரோட்டம் பார்ப்பவரும் ரிக் ஓட்டுபவரும் ஒரே ஆள். தண்ணி வராவிட்டால் மீதி ஆழத்தைக் கூலியில்லாமல் தோண்ட வேண்டியவரும் அவரே.

கோனுக்கு இது தெரியாமல் இல்லை. மதிப்பீடு வாக்குறுதியாக மாறிவிடுவதைத் திட்டங்கள் தோற்கும் காரணங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார். பேரி போமின் ஆய்வை வைத்து, ஆரம்பத்தில் 20 வாரம் என்று சொல்வது 12 முதல் 32 வாரம் வரை எதுவாகவும் இருக்கலாம் என்றும் காட்டுகிறார். என் பார்வையில் புத்தகத்தின் உயிர் அந்தப் பக்கங்கள்தான். ஆனால் அவை சீக்கிரம் முடிந்து, புள்ளி போடும் உத்திகள் அத்தியாயம் அத்தியாயமாக விரிகின்றன. கம்பெனிகள் எடுத்துக்கொண்டதும் உத்திகளை மட்டும்தான்.

புதிதாக லீட் ஆகிறவர்களுக்கு இந்தப் புத்தகத்தை இன்றும் கொடுப்பேன். கூடவே சொல்வது மூன்று: கிளையன்டுக்கு ஒற்றைத் தேதி தராமல் 12–32 மாதிரி வீச்சாகக் கொடுங்கள், புள்ளியை விட்டுவிட்டு, வேலையைச் சிறிதாக உடைத்து, முடிந்தவற்றின் எண்ணிக்கையைப் பாருங்கள், சீட்டைத் திருப்பும் வரை லீட் வாய் திறக்க வேண்டாம். மூன்றாவதுக்குச் செலவே இல்லை. ஆனா பழக்கத்துக்கு வர்றதுக்கு அதுதான் ரொம்ப நாள் ஆகும்.