மின்னகராதியும் சான்றுநெறியும்: தமிழ் லெக்சிகனை முன்வைத்து

முன்னுரை

தமிழகத்திற்கு வெளியே இயங்கும் தமிழ்த்துறைகளில் பழைய அச்சகராதிகள் அனைத்தும் கிடைப்பதில்லை. ஆகவே ஆய்வு மாணவருக்கு மின்னகராதியே பெரும்பாலும் முதல் துணையாகவும் சில வேளைகளில் ஒரே துணையாகவும் அமைகிறது. தகவலின் தேவையை உணர்தல், அதனைக் கண்டறிதல், மதிப்பிடுதல், பயன்படுத்தல் ஆகிய நான்கையும் தகவல் எழுத்தறிவின் கூறுகளாக அமெரிக்க நூலகச் சங்கத்தின் குழு 1989இல் வரையறுத்தது. இவற்றுள் கண்டறிதலை மின்னகராதி எளிதாக்கியுள்ளது, மதிப்பிடுதலை எளிதாக்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனின் மின்வடிவத்தைச் சான்றாகக் கொண்டு இக்கருத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

தேடுமுறையின் மாற்றம்

தமிழ் அகராதிக்கலையின் வரலாற்றைத் தேடுமுறையின் வரலாறு எனவும் கூறலாம். திவாகரம், பிங்கலம் முதலிய நிகண்டுகள் பொருள்வகையால் சொற்களைத் தொகுத்தன. அவை மனனம் செய்தற்கு உரியவை. வீரமாமுனிவரின் சதுரகராதி (1732) பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு வழிகளைத் திறந்தது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த லெக்சிகன் அகரவரிசையில் அமைந்தது. இன்று சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதித் திட்டத்தில் தலைச்சொல்லாலும் முழுப்பாடத்தாலும் அதனைத் தேட இயலுகிறது.

எனினும் இலக்கணம் அறியாதவர்க்குத் தேடல் கைகொடுப்பதில்லை. 'சென்றனன்' என்ற வினைமுற்றின் பொருளை அறிய விரும்புவோர் 'செல்' என்னும் பகுதிக்குச் செல்லவேண்டும். 'மா' எனத் தேடினால் மாமரம், விலங்கு, நில அளவு, திருமகள், கருமை முதலிய பொருள்களுடைய சொற்கள் தனித்தனிப் பதிவுகளாக வருகின்றன. எது பாடலுக்கு உரியது என்பதை அகராதி சொல்லாது. இடம் நோக்கிக் கற்போரே துணிதல் வேண்டும்.

குறுக்கங்கள் உணர்த்துவன

லெக்சிகனின் தலையாய சிறப்பு, பொருள்களுக்கு அது காட்டும் சான்றுகளாகும். ஒரு பொருளையடுத்து அடைப்புக்குறிக்குள் 'குறள்' என இருப்பின் இலக்கிய ஆட்சி உண்டு என்பது பொருள். 'பிங்.' என்று மட்டும் இருப்பின் அப்பொருளுக்கு அங்குக் காட்டப்பட்ட ஆதாரம் நிகண்டே. ஆங்கில 'டபிள்யூ' எழுத்து வின்சுலோவின் 1862ஆம் ஆண்டு அகராதியைச் சுட்டும். வேறொரு குறுக்கம் வட்டார வழக்கைச் சுட்டும். இவ்வேறுபாட்டைக் கருதாமல், நிகண்டில் மட்டும் காணப்படும் பொருளைச் சங்கப் பாடலுக்கு ஏற்றி உரைகாண்பது காலவழுவிற்கு இடம்தரும்.

ஆய்வேட்டு வரைவு ஒன்றில், திருக்குறளின் 1274ஆம் பாவில் வரும் 'நாற்றம்' என்ற சொல்லுக்குத் தீநாற்றம் எனப் பொருள் எழுதப்பட்டிருந்ததை இக்கட்டுரையாளர் கண்டதுண்டு. அங்கு அச்சொல் அரும்பினுள் அடங்கிய மணத்தைக் குறிக்கிறது. இன்றைய வழக்கின் பொருளை மட்டும் தந்த ஒரு கைப்பேசி அகராதியே மாணவர் நாடிய ஆதாரம். அடிக்குறிப்பில் 'இணைய அகராதி' என்பதற்குமேல் விவரம் இல்லை. தற்கால அகராதி தற்காலப் பொருளைத் தருவது அதன் குறையன்று. எந்த வினாவை எந்த அகராதியிடம் கேட்பது என்பதை நாம் கற்பிக்காததே குறை.

அச்சு நூலின் அட்டையும் முன்னுரையும் அதன் காலத்தை நினைவூட்டின. திரையிலோ 1862ஆம் ஆண்டின் வின்சுலோவும் 1936இல் நிறைவுற்ற லெக்சிகனும் ஒரே தோற்றத்தில் நிற்கின்றன. சிகாகோ மின்வடிவம் அச்சுப்பதிப்பின் பக்க எண்ணையும் காட்டுவது இக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. ஆனால் அதனை மேற்கோளில் குறிப்போர் சிலரே.

முடிவுரை

மின்னகராதியை விலக்குவது இயலாததும் வேண்டாததும் ஆகும். நூலக வசதி குறைந்த துறைகளுக்கு அது வாய்த்த பெருந்துணை. ஆயின் ஆய்வேடுகளில் அகராதியின் பெயர், பதிப்பாண்டு, பக்கம், குறித்த பொருளுக்குரிய சான்றுநூல் ஆகிய நான்கும் தரப்படுதல் வேண்டும். முதுகலை முதற்பருவத்திலேயே லெக்சிகனின் குறுக்க விளக்கப் பட்டியலைப் பாடமாகக் கற்பித்தல் நலம். சொல்லைத் தேடித்தரக் கருவி உண்டு. சான்றைத் தேர்ந்து தெளியும் பொறுப்பு ஆய்வாளருடையதேயாம்.