யாருடைய பசி, யாருடைய விளையாட்டு?
இளையோர் நாவல்களை வாசிக்கும் பெரியவர்கள் குறித்துச் சில குறிப்புகள்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். முப்பதைத் தாண்டிய, தமிழில் எம்.ஏ. படித்த, 'பிரதி', 'கதையாடல்' என்றெல்லாம் எழுதிக்கொண்டு திரிகிற நான், சூசன் காலின்ஸின் 'தி ஹங்கர் கேம்ஸ்' வரிசை நாவல்கள் மூன்றையும் (2008, 2009, 2010) நாலே ராத்திரியில் படித்து முடித்தேன். பள்ளிப் பிள்ளைகளுக்கென்று பதிப்பகத்தார் ஒதுக்கிய அலமாரியைச் சேர்ந்தவை அவை. பேருந்தில் படிக்கும்போது அட்டை தெரியாமலிருக்கச் செய்தித்தாளில் உறை போட்டுக்கொண்டேன். வெட்கத்தை விடுங்கள். அந்தச் சந்தோஷம் எதனால் ஆனது?

நான் தனி ஆள் இல்லை. 12 முதல் 17 வயதினருக்கான புத்தகங்களை அமெரிக்காவில் வாங்குபவர்களில் 55 சதவீதம் பேர் 18 வயதைக் கடந்தவர்கள் என்று பௌக்கர் நிறுவனத்தின் ஆய்வு 2012இல் சொன்னது. அவர்களில் பெரிய பிரிவு 30 முதல் 44 வயது வரையிலானவர்கள். பெரும்பாலும் தாங்களே படிக்கத்தான் வாங்கினார்கள். 2014இல் ரூத் கிரஹாம் 'ஸ்லேட்' இதழில், இப்படிப் படிக்கும் பெரியவர்கள் கூச்சப்பட வேண்டும் என்று எழுதினார். இந்நாவல்களின் முடிவுகள் எளிமையானவை, சிக்கலின்றித் திருப்தி தருபவை என்பது அவருடைய குற்றச்சாட்டு. பிடித்ததைப் படித்துவிட்டுப் போகட்டும், உனக்கென்ன வந்தது என்று மறுதரப்பு எகிறியது. முன்னது வாத்தியார் குரல், பின்னது கடைக்காரர் குரல். வாசகத் தன்னிலை பிரதிக்குள் எங்கே நிறுத்தப்படுகிறது என்று இருதரப்பும் பார்த்ததாகத் தெரியவில்லை.

பிரதிக்குள் போவோம். பானெம் என்ற எதிர்கால நாடு. கேப்பிட்டல் என்ற தலைநகரம். அதற்கு அடங்கிய 12 மாவட்டங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் 12 முதல் 18 வயதுக்குள் ஒரு பையன், ஒரு பெண். 24 பேர் ஒருவரையொருவர் கொன்று ஒருவர் மிஞ்சும்வரை தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பு. தேர்வு குலுக்கலில்தான். ஆனால் பட்டினி கிடக்கிற வீட்டுப் பிள்ளை, கொஞ்சம் தானியத்துக்கும் எண்ணெய்க்கும் ஈடாகத் தன் பெயரைக் கூடுதல் தடவை எழுதிப் போடலாம். கதாநாயகி காட்னிஸுக்கு 16 வயது. அவள் பெயர் 20 சீட்டுகளில். அவளுடைய நண்பன் கேலுக்கு 42. குலுக்கல் என்பது சமவாய்ப்பின் பாவனை. சீட்டை நிரப்புவது வயிறு. வர்க்கம் பற்றி நம் கருத்தரங்குகளில் மூன்று நாள் பேசுவதை இந்தப் 'பிள்ளைகள் புத்தகம்' ஒரு பக்கத்தில் சொல்லிவிடுகிறது.

கதை முழுக்க காட்னிஸின் தன்மைக் கூற்று, அதுவும் நிகழ்காலத்தில். திரும்பிப் பார்க்கும் தூரம் அவளுக்கும் இல்லை, நமக்கும் இல்லை. சம்பளம், தவணை, சமரசம் என்று மங்கிப்போன நாற்பது வயசுக்காரர், அதிகாரத்தோடு இன்னும் எந்த ஒப்பந்தமும் போடாத ஒரு பெண்ணின் 'நான்' என்ற சொல்லுக்குள் புகுந்துகொள்கிறார். சந்தோஷத்தின் முதல் ஊற்று இது.

ஆனால் பிரதி அவரை அங்கே நிம்மதியாக இருக்க விடுவதில்லை. குகைக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். காலில் புண்பட்டுக் காய்ச்சலில் கிடக்கும் பீட்டாவை அவள் முத்தமிடுகிறாள். பாராசூட்டில் சூடான சூப் வந்து இறங்குகிறது. காதல் நடந்தால் சாப்பாடு வரும் என்ற கணக்கு அவளுக்குப் புரிந்துவிடுகிறது. அந்தக் காதலுக்காகத் தலைநகரத்துப் பார்வையாளன் ஏங்குகிறான். நாம் மட்டும் என்ன செய்கிறோம்? அவள் யாரைக் காதலிப்பாள், பீட்டாவையா கேலையா என்று பக்கம் புரட்டுகிறோம். இன்னும் கொஞ்சம் தின்பதற்காக வாந்தி மருந்து குடிக்கிற அந்த ஊர்க்காரர்கள், தங்களுக்குப் பிடித்த பிள்ளை சாகப்போகிறது என்றால் கண்ணீரும் விடுகிறார்கள். அழுகைக்கும் ரசனைக்கும் நடுவே அவர்களுக்குச் சுவர் கிடையாது. 'நான்' என்று நுழைந்தவர், தான் சோபாவில் இருப்பதைப் பார்த்துவிடுகிறார். அல்லது பார்க்காமலே படித்து முடிக்கிறார்.

திருப்தியான முடிவு என்ற குற்றச்சாட்டும் இங்கே நிற்காது. எந்தத் தங்கைக்குப் பதிலாகக் காட்னிஸ் களத்துக்குப் போனாளோ அந்தப் பிரிம் குண்டில் சாகிறாள்; அதைப் போட்டது புரட்சித் தரப்பாகவே இருக்கலாம். கடைசி அம்பு ஜனாதிபதி ஸ்னோவின் மேல் பாயவில்லை, புரட்சியின் தலைவி காயின் மேல் பாய்கிறது. இது குழந்தைத்தனமான நன்மை-தீமை எதிர்வு என்றால், நம் பெரியவர்களின் அரசியல் கட்டுரைகளை என்னவென்று சொல்ல?

இன்னொரு வாசிப்பும் இருக்கிறது. தங்கைக்குப் பதிலாகக் காட்னிஸ் முன்வரும்போது, கைதட்டச் சொல்லியும் 12ஆம் மாவட்டத்து ஜனங்கள் கைதட்டுவதில்லை. மூன்று விரல்களை உதட்டில் வைத்து அவளை நோக்கி உயர்த்துகிறார்கள். 2014 மே மாத ராணுவக் கவிழ்ப்புக்குப் பிறகு தாய்லாந்தின் தெருக்களில் அந்த மூன்று விரல்கள் உயர்ந்தன. உயர்த்தியவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். 2021 பிப்ரவரிக்குப் பின் மியான்மரில் மருத்துவமனை ஊழியர்களும் உயர்த்தினார்கள். நாவலிலிருந்தோ படத்திலிருந்தோ எடுத்த குறி. எடுத்தவர்களில் பிள்ளைகளும் உண்டு, பெரியவர்களும் உண்டு. வாசகரின் வயசு அங்கே பிரச்சினையாகவே இல்லை. பார்வையாளர் வரிசையை விட்டு எழுந்தார்கள், அவ்வளவுதான்.

பிரிம் செத்த இடத்தில் நானும் அழுதேன். அது தலைநகரத்து அழுகைதானோ என்ற சந்தேகம் இன்னும் போகவில்லை. ஸ்னோவின் இளமைக்காலத்தைச் சொல்லும் முன்கதை 2020இல் வந்தது. இப்போது மேசை மேல் கிடக்கிறது. இந்த முறை உறை போடப்போவதில்லை. யார் பக்கம் உட்கார்ந்து படிக்கிறேன் என்பதைப் பக்கத்துக்குப் பக்கம் குறித்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.